பல் வைத்தியப் படிப்பும் அதன் பயனும்

தமிழாசிரியன் ஒருவன் பல் வைத்தியத்தைப் பற்றி எழுதப் புகுவது, நீந்தத் தெரியாதவன் கடலின் ஆழத்தை அளக்கப் புகுந்தது போலாகும் என்று அன்பர் சிலர் நகைக்கக் கூடும். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இருக்க, இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியனாகிய எனக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று அவர்கள் கேட்பின், உரிமை இல்லை, கடன் உண்டு என்பதே என் விடையாகும். அக்கடன் இன்னதென்பது கட்டுரையின் பிற்பகுதியிற் புலனாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியான நாளில், சாதாரண தரம் வரை என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் என் வீட்டுக்கு வந்தான். உயர்தரத்தில் உயிரியற் பிரிவில் நன்கு சித்தியெய்தியவன். “மருத்துவம் தப்பிவிட்டது, சேர், பல்லுத்தான் கிடைத்திருக்கிறது” என்றான். தந்தையார் இழவு வீட்டில் நிற்பவர் போலத் தலை கவிழ்ந்து நின்றார். ‘தான்’ என்னும் இடைச்சொல் தேற்றப் பொருளிலும் வரும், பிரிநிலைப் பொருளிலும் வரும் என்று வகுப்பிற் சொல்லியிருக்கின்றேன். அன்று அவன் வாயில் அது இழிவுப் பொருளில் வந்தது. இசட் புள்ளியில் ஒரு சிறு பின்னம் குறைந்தமையால் வாழ்க்கையே குறைந்துவிட்டதாக அவன் எண்ணினான். “போய்ப் படி, தம்பி” என்று சொன்னேனேயன்றி, ஏன் படிக்கவேண்டும் என்று எடுத்துச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. பின்னர் அவனிடமும், பல் வைத்தியராய் விளங்கும் நம் பழைய மாணவர் சிலரிடமும் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே இங்குத் தொகுத்துரைக்கின்றேன்.

பல் வைத்தியம் பழைய தொழில். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்பது புதியது. மேலை நாடுகளில் முடிதிருத்துவோர் பல் பிடுங்கிய காலம் ஒன்றிருந்தது. 1840 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல் வைத்தியத்துக்கெனத் தனிக் கல்லூரி எழுந்தது. உலகில் அவ்வகையில் முதலாவது அதுவே. இந்தியாவில் 1920 இல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது என்பவர் முதற் பல் வைத்தியக் கல்லூரியை நிறுவினார். நம் நாட்டில், இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியதற்கு அடுத்த ஆண்டாகிய 1943 இல், கொழும்பு மருத்துவ பீடத்தின் ஒரு கிளையாக இப்படிப்புத் தொடங்கிற்று. 1950 களில் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்து, காலப்போக்கில் தனிப் பீடமாக வளர்ந்தது. யப்பான் நாட்டின் உதவியோடு அங்கே பெரியதொரு பல் போதனா வைத்தியசாலையும் எழுந்தது. நெடுங்காலம் இலங்கை முழுமைக்கும் பேராதனை ஒன்றே பல் வைத்தியரை உருவாக்கும் பட்டறையாய் இருந்தது. அண்மையிலேயே ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய பீடமொன்று தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் உண்டாயினும், பல் வைத்திய பீடம் இல்லை. ஆதலின் இப்பட்டத்தை நாடும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் மகாவலிக் கரைக்கே செல்ல வேண்டியவராயினர்.

நிற்க. அங்கே அவர்கள் கற்பது யாது? பல் பிடுங்கக் கற்கிறார்கள் என்பதே நம்மூரிற் பெரும்பாலோர் எண்ணம். பல் பிடுங்குவது மட்டுமே கருத்தாயின் அதற்குச் சில மாதங்கள் போதும். பல்லாண்டுப் பல்கலைக்கழகக் கல்வி வேண்டியதில்லை. பிடுங்காமற் காப்பதற்கே அத்தனை ஆண்டுகளும் வேண்டும். பல் வைத்தியப் பட்டத்தின் சாரம் இதுவென்று ஒரே வாக்கியத்திற் சொல்லிவிடலாம்.

தொடக்க ஆண்டுகளில் அவர்கள் பயில்வது ஏறக்குறைய மருத்துவ மாணவர் பயில்வதே. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனம் ஆகியவற்றைக் கற்று, பின்னர் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என்பவற்றையும் கற்கின்றனர். பல்லுக்கு இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லைத் தொடுமுன் வைத்தியர் இடும் விறைப்பூசி பல்லிலே இடப்படுவதன்று. தாடையெலும்பினுள்ளே நரம்பு புகும் வாயிலருகே இடப்படுவது. அந்நரம்பு கண்ணுக்குத் தெரியாது. எலும்பின் வடிவை மனத்திற் கண்டு, கை அறிந்த வழியே ஊசி செல்ல வேண்டும். சரியாகச் சென்றால் பல்லோடு பாதி உதடும் விறைத்துப்போகும். அதுவே ஊசி இடமறிந்து சென்றதற்கு அடையாளம். உடற்கூற்றியல் அறியாதவன் இதனைச் செய்ய இயலுமா?

அடுத்தது கைப்பயிற்சி. இப்பட்டத்தைப் பிற பட்டங்கள் பலவற்றினின்றும் வேறுபடுத்துவது இதுவே. மாணவன் முதலில் மெழுகிலே பல்லைச் செதுக்கிப் பழகுகிறான்; ஒவ்வொரு பல்லுக்கும் உரிய மேடும் பள்ளமும் கைக்கு மனப்பாடமாக வேண்டும். பின்னர் மனிதத் தலையைப் போற் செய்யப்பட்ட பொம்மையின் வாயிலே குடைந்தும் அடைத்தும் பயில்கிறான். மேற்பல்லின் பின்புறத்தை நேரே காண இயலாது. சிறு கண்ணாடியிலே தெரியும் நிழலைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். கண்ணாடியில் முன்னது பின்னாகும். முதற் கிழமைகளில் கை ஒருபுறம் போகக் கருவி மறுபுறம் போகுமாம். பொற்கொல்லரின் பொறுமையும் சிற்பியின் கண்ணும் வேண்டிய பயிற்சி இது. பொம்மையிலே தேறிய பின்னரே உயிருள்ள மனிதரின் வாயைத் தொட விடுவர்.

நோயாளரிடம் வந்தபின் அவன் பெறும் முதற் பாடம், கருவியை எடுப்பதன்று, காதைக் கொடுப்பது. தமிழாசிரியனாகிய என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. நோவைக் குறிக்க நம்மூர் வழக்கில் எத்தனை சொற்கள்! பல் கூசுகிறது என்பர், குத்துகிறது என்பர், உளைகிறது என்பர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லுக்கொதி என்பர். இவை வெறும் ஒருபொருட் பன்மொழியல்ல. குளிர்ந்த நீர் பட்டவுடன் கூசி, நீர் நீங்கியவுடன் கூச்சமும் நீங்குமாயின், பல்லின் உள்ளே நரம்பும் குருதிக்கலங்களும் பொதிந்த உயிர்ப்பகுதி இன்னும் பிழைக்கும் நிலையில் உள்ளதெனப் பெரும்பாலும் கொள்ளலாம். சூத்தையை அகற்றி அடைத்தாற் போதும். ஒன்றும் படாமலே நள்ளிரவில் விண்விண்ணென்று கொதியெழும்புமாயின், உயிர்ப்பகுதி அழியத் தொடங்கிவிட்டது. வேரின் உள்வழியைத் துப்புரவாக்கி அடைக்கும் வேர்ச்சிகிச்சை வேண்டும். கடிக்கும்போது நோகுமாயின், நோய் வேரின் நுனிக்கு அப்பாலும் சென்றிருத்தல் கூடும். எக்ஸ் கதிர்ப் படமும் பரிசோதனையும் பின்னர் உறுதிசெய்யும். ஆயினும் முதற்சான்று நோயாளியின் சொல்லே. பேராதனையில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளர் சிங்களத்திலும் தமிழிலும் முறையிடுவர். ஆகவே மும்மொழியிலும் நோவைக் கேட்டறியும் ஆற்றலைப் பெற்றே மாணவன் வெளியேறுகிறான்.

பல்லை இழந்தார்க்குப் பல் கட்டுவது மற்றொரு துறை. இதனை முகவழகுக்கான வேலை என்று இகழ்தல் தகாது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறப்பதற்கு வேண்டிய உறுப்புக்களை எண்ணும்போது பல்லையும் ஒன்றாக எண்ணினார். நுனிநா மேற்பல்லின் அடியைப் பொருந்தாவிடின் தகரமும் நகரமும் செவ்வனே பிறவா. மேற்பல் கீழிதழைத் தொடாவிடின் வகரம் காற்றாய்ப் போகும். முன்பல் இழந்த முதியவர் “வந்த தம்பி” என்று சொல்லட்டும். அம்மூன்றெழுத்தும் படும் பாட்டைக் கேட்கலாம். கட்டுப்பல்லைப் பொருத்தும் வைத்தியர், நோயாளியைப் பேசச் செய்து, சில ஒலிகள் சரியாக எழுகின்றனவா என்று செவியாற் சோதித்தே பல்லின் இடத்தை உறுதிசெய்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்டதெனப் போற்றப்படும் நம் இலக்கணமும், இற்றைநாட் பல் வைத்தியமும் ஒரே உண்மையைத் தொட்டு நிற்கும் இடம் இது.

இனிப் பிள்ளைகளின் பல்லுக்கு வருவோம். குழந்தைக்கு முதற்பல் அரும்பியதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லைப் போலச் செருகி, உறவினரை அழைத்துப் பிள்ளையின் தலையிற் சொரிந்து மகிழும் மரபினர் நாம். பல்லுக்கு இவ்வாறு விழா எடுக்கும் நாம், அதற்கு ஐந்தரை ஆண்டு கழித்து வரும் மற்றொரு பல்லைக் கவனியாது விட்டுவிடுகிறோம். ஏறக்குறைய ஆறாம் வயதில், இருபது பாற்பற்களுக்கும் பின்னால், ஒன்றும் விழாமலே, முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாதபடியால் பெற்றோர் அதனையும் பாற்பல்லென்றே கொண்டு, சூத்தை விழுந்தால் “விழுந்து முளைக்கும்” என்று ஆறியிருப்பர். அது விழுந்தால் மீண்டும் முளையாது. அதேபோற் பாற்பல்தானே என்று காலத்துக்கு முன் பிடுங்குவதும் பிழை. பின்வரும் பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருப்பது பாற்பல்லே. அது போனால் அயற்பற்கள் சாய்ந்து இடத்தை அடைக்கும். நிரந்தரப்பல் கோணலாய் முளைக்கும். பிற்காலத்திற் கம்பி போட நேரும்.

ஆதலின், வாயில் வந்த நோயைத் தீர்ப்பதோடு, ஊரில் நோய் வராமற் காப்பதும் இப்படிப்பில் அடங்கும். இதற்குச் சமுதாயப் பல் வைத்தியம் என்று பெயர். ஒரு பாடசாலையின் பிள்ளைகளை எல்லாம் பரிசோதித்துக் கணக்கெடுக்கவும், இனிப்புத் தின்னும் நேரத்தையும் பல் துலக்கும் முறையையும் திருத்தவும், புளோரைட்டு எங்கே குறைகிறது எங்கே மிகுகிறது என்று அறியவும் மாணவர் பழகுகின்றனர். அநுராதபுரப் பகுதியிற் கிணற்றுநீரிலே புளோரைட்டு மிகுதியாற் பல்லிற் கபிலநிறக் கறை படிவதும், வேறிடங்களில் அதே பொருள் சிறு அளவிற் பற்பசையிற் சேர்ந்து சூத்தையைத் தடுப்பதும், அளவின் அருமையை விளக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள். இப்பணியிற் பல் வைத்தியர் தனித்து நிற்பவரல்லர். 1921 இல் நியூசிலாந்திலே பாடசாலைப் பிள்ளைகளுக்கெனப் பயிற்சி பெற்ற பல் தாதியர் முறை தொடங்கிற்று. பின்னர் நம் நாட்டிலும் மகரகமையில் அவ்வகைப் பயிற்சி ஏற்பட்டது. திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக்கியது இங்கு நினைக்கத் தக்கது.

மாணவருக்குப் பயன்படும் ஒன்றையும் இடையே சொல்லிவிடுகிறேன். விளையாட்டிடத்திற் பந்து பட்டு நிரந்தரப்பல் வேரோடு கழன்று விழுந்தால், அதனை எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாது, வெளியே தெரியும் வெண்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல், பாலில் இட்டு, உடனே பல் வைத்தியரிடம் விரையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் வைக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அப்பல் மீண்டும் நிலைபெறும் வாய்ப்பு மிகும்.

முரசு என்றதும் இலக்கியம் படிப்பவருக்குப் போர்முரசு நினைவுக்கு வரும். நம்மூர் ஆச்சிமாருக்கோ பல் பதிந்திருக்கும் தசையே முரசு. பல்லைச் சூத்தை அழிக்கும். முரசு நோயோ பல்லைத் தாங்கும் எலும்பையே அரிக்கும். பெரும்பாலும் நோவு இராது; துலக்கும்போது சிறிது குருதி கசியும், அவ்வளவே. சலரோகம் என்று நாம் சொல்லும் நீரிழிவு உடையாருக்கு இந்நோய் கடுமையாய் வரும்; முரசு நோய் முற்றினால் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இருதய வால்வு பழுதுற்றவரின் வாய்க்கிருமி குருதியிற் கலந்து இருதயத்தைத் தாக்கவும் கூடும். குருதி உறையாமைக்கு மருந்துண்பவருக்குப் பல் பிடுங்குமுன் தனிக் கவனம் வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டறியாமற் குறட்டை எடுக்கும் கை ஆபத்தான கை. “என்ன மருந்து குடிக்கிறீர்கள்?” என்று பல் வைத்தியர் கேட்கும்போது, பல்லுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சினக்காமல் உள்ளதைச் சொல்லுதல் நம் கடமை.

இனி என் கடனைச் சொல்வேன். யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை சென்று விலைபெற்ற பொருள். அதன் வருவாயினால் நம் குடாநாட்டிற் பல குடும்பங்கள் தழைத்தன. வெற்றிலைத் தட்டம் இல்லாத மங்கல நிகழ்ச்சியும் நமக்கில்லை. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்த கூட்டுப் புற்றுநோயை விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985 இலேயே கூறியது. 2004 இல் வெளியான அதன் நூல், புகையிலை சேராவிடினும் பாக்குத் தானே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாய்க் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்னிற்பது. வாய் திறந்தாற் கண்ணுக்குத் தெரியும் இடத்திலே வரும் நோய், பலருக்கு முற்றிய பின்னரே தெரியவருகிறது என்பது எவ்வளவு துயரம்!

என் அம்மம்மாவுக்கு அவ்வாறே நேர்ந்தது. 1990 களில், பாதை பூட்டியிருந்த காலம். கன்னத்தினுள் ஒரு புண். சூட்டினால் வந்ததென்று நாங்கள் இருந்துவிட்டோம். நோவில்லாத புண் ஆதலின் அவரும் முறையிடவில்லை. காட்டியபோது காலம் கடந்திருந்தது.

ஆண்டுகள் சென்றன. ‘பல்லுத்தான்’ என்று வருந்திய அம்மாணவன், இறுதியாண்டிற் படிக்கையில், நல்லூர்த் திருவிழா விடுமுறைக்கு வந்து என் வீட்டுக்கும் வந்தான். என் தாயார் திண்ணையிலிருந்து சிறு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவன் அருகில் அமர்ந்து, “ஆச்சி, ஒருக்கால் வாயைத் திறவுங்கோ” என்றான். “பல்லே இல்லாத வாயில் என்ன தம்பி பார்க்கப் போகிறாய்?” என்று அவர் சிரித்தார். அவன் விடவில்லை. கைபேசியின் வெளிச்சத்திலே இரு கன்னங்களையும், நாவின் அடியையும், ஓரங்களையும் ஒழுங்காகப் பார்த்தான். வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் இடப்பக்கக் கன்னத்தில், துடைத்தாற் போகாத வெண்திட்டு ஒன்று. அதன் நடுவே சிறிது சிவப்பு. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. “சேர், இந்தக் கிழமைக்குள் காட்ட வேண்டும்” என்று தனியே அழைத்துச் சொன்னான். வெண்திட்டெல்லாம் புற்றாவதில்லை, சிவப்புக் கலந்தாற் பொறுக்கக் கூடாது என்றும் விளக்கினான். சிறு துண்டு எடுத்துச் சோதித்தனர். நோய் தொடக்க நிலையில் இருந்தது. அகற்றிவிட்டனர். அம்மா இன்றும் எங்களோடு இருக்கிறார். உரல் மட்டும் பரணில் இருக்கிறது.

அவன் அன்று பயன்படுத்தியது விலையுயர்ந்த கருவி எதனையுமன்று. வாயை முழுதாகப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குப் பேராதனை பழக்கிய பழக்கத்தையே. பல் நோவென்று வந்தவரின் பல்லை மட்டும் பாராது வாய் முழுவதையும் பார்த்தல் அங்கே விதி. ஆறாத புண் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றாலும், வெண்திட்டோ செந்திட்டோ கண்டாலும், வாய் முன்போல் அகலத் திறவாது இறுகினாலும் தாமதியாது காட்டுக என்று அவன் எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். நம் ஊரில் வசதியும் இல்லாமலில்லை. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டியோரின் முயற்சியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைந்தது. ஆயினும் அங்கே செல்லவேண்டிய நிலை வருமுன் தடுப்பவர் நம்மூர்ப் பல் வைத்தியரே.

பட்டம் பெற்றவுடன் ஒருவர் எல்லாம் வல்லவராகிவிடுவதில்லை என்பதும் சொல்லத் தக்கது. நிறைகொண்ட தாடைச் சத்திரசிகிச்சை, பல் ஒழுங்கமைத்தல், சமுதாயப் பல் வைத்தியம் முதலிய துறைகளில் விசேட நிபுணராவதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மேலும் பல ஆண்டு பயிலவேண்டும். முதற் பட்டம் தருவது, பொதுவாக வரும் நோய்களைத் தானே தீர்க்கும் ஆற்றலும், தன்னால் தீர்க்க இயலாததைக் காலத்தோடு அறிந்து உரியவரிடம் அனுப்பும் அறிவுமாகும். பின்னது முன்னதிலும் பெரிது. தன் அறிவின் எல்லையை அறிவித்தலன்றோ கல்வியின் முடிந்த பயன்!

ஆகவே, மாணவச் செல்வங்களே, இப்பட்டத்தை மருத்துவத்தைத் தவறவிட்டவருக்குத் தரும் ஆறுதற் பரிசென்று கருதாதீர்கள். கையும் கண்ணும் காதும் ஒருங்கே பழகும் கல்வி அது. பெற்றோரே, ஆறாம் வயதிற் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள். பழைய மாணவரே, கொதி வந்த பின் அல்ல, வருமுன் செல்லுங்கள். வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். ஆலும் வேலும் பல்லுக்கு நல்லவென்று சொன்ன முன்னோர், வருமுன் காத்தலையே நமக்குச் சொன்னார்கள்.

அம்மாணவன் இன்று அரசாங்க வைத்தியசாலை ஒன்றிற் பணிசெய்கிறான். அண்மையில் என்னைக் கண்டபோது, “பல்லுத்தான், சேர், எனக்கு ஏற்றது” என்றான். அதே ‘தான்’. இம்முறை அது தேற்றப் பொருளில் வந்தது.